சூபாட்ஸை லேக்கர்ஸ் ஏன் விட்டுக்கொடுத்தது?

கேள்வி: 2019 பிப்ரவரியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி, இவிட்சா சூபாட்ஸ் என்ற இளம் சென்டரையும் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்) மைக்கேல் பீஸ்லியையும் அதே ஊர் க்ளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து மைக் மஸ்காலாவை வாங்கியது. பெஞ்சில் உட்காரும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்ட சின்ன டிரேட்தானே இது? ரசிகர்கள் ஏன் இன்னும் அதைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? நமக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் நிர்வாகத்துக்கு இருந்திருக்காதா?

பதில்:

காரணம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் அப்போதே வெளிப்படையாகப் பேசப்பட்டவைதான். ஆனால் ரசிகர்கள் கேட்டது வேறு கேள்வி. "மஸ்காலா எதற்கு?" என்று கேட்டவர்கள் குறைவு. "மஸ்காலாவுக்காக சூபாட்ஸ் எதற்கு?" என்பதுதான் பெரும்பாலானவர்களின் கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. இரண்டாவதற்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சின்ன டிரேடை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் அந்த வாரத்தின் சூழல். 2018 கோடையில் நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் அன்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை அவர்கள் ஊரிலேயே 127–101 என்று அடித்தபோது எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதே ஆட்டத்தில் லெப்ரானுக்குத் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொண்டது. அடுத்து வரிசையாக 17 ஆட்டங்களில் அவர் இல்லை. அவற்றில் அணி 6 வென்று 11 தோற்றது. அவர் ஜனவரி கடைசியில் திரும்பி வருவதற்குச் சில நாள் முன்புதான், நியூ ஆர்லியன்ஸ் அணியின் நட்சத்திரம் ஆன்தனி டேவிஸ் தன்னை டிரேட் செய்துவிடும்படி கேட்டார். அவரைப் பிடிக்க லேக்கர்ஸ் தன் இளைஞர்கள் கூட்டத்தையே மேசையில் வைத்தது. யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று தினமும் செய்தி. பிப்ரவரி 5 அன்று இண்டியானாவில் 136–94 என்று தோற்றார்கள். 42 புள்ளி வித்தியாசம், லெப்ரானின் வாழ்க்கையில் அதுவரை காணாத தோல்வி. அரங்கத்தில் இருந்தவர்கள் "லெப்ரான் உன்னை விற்றுவிடுவார்" என்று லேக்கர்ஸ் இளைஞர்களைப் பார்த்துக் கூட்டமாகப் பாடினார்கள். அந்த ஆட்டம் முடிந்தபோது அணியின் கணக்கு 27 வெற்றி, 27 தோல்வி.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 7, டிரேடுக்கான கெடு. கிழக்கு அமெரிக்காவில் பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. டேவிஸ் வரவில்லை. கெடு முடியும் நேரத்தில் வந்தது இந்த மஸ்காலா செய்தி.

இப்போது சூபாட்ஸைப் பற்றி. போஸ்னியா ஹெர்சகோவினாவின் மோஸ்டார் நகரத்தில் பிறந்த குரோஷியர். ஏழு அடி உயரம். 2016 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 32-வது ஆளாக, அதாவது இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில், லேக்கர்ஸ் அவரை எடுத்தது. முதல் இரண்டு வருடம் பெரிதாக எதுவும் இல்லை. மூன்றாவது வருடம், 2018 டிசம்பரில், முதல் சென்டர் ஜாவேல் மெகீ நிமோனியாவில் படுத்தார். அந்த இடைவெளியில்தான் பையனுக்கு நிமிடங்கள் கிடைத்தன. கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் வாரியர்ஸுக்கு எதிராக 18 புள்ளி, 11 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஜனவரி 17 அன்று ஓக்லஹோமா சிட்டியில் கூடுதல் நேரம் வரை போய் வென்ற ஆட்டத்தில் 26 புள்ளி, 12 ரீபவுண்ட். லெப்ரான் இல்லாத ஆட்டம் அது. டிரேட் நடந்த நாள் வரை அந்த சீசனில் 33 ஆட்டங்களில் சராசரியாக 15, 16 நிமிடம் ஆடி 8.5 புள்ளியும் 4.9 ரீபவுண்டும் எடுத்திருந்தார். எறிந்ததில் பாதிக்கு மேல் விழுந்தது. வயது 21.

அவரை ஒரு நட்சத்திரம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் 16 நிமிடத்தில் இவ்வளவு எடுக்கும் 21 வயது சென்டர் எந்த அணிக்கும் வேண்டிய சரக்கு. அவருடைய அந்த வருடச் சம்பளம் வெறும் 15.4 லட்சம் டாலர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்காலா யார்? 27 வயது, 6 அடி 11 அங்குலம். உயரமானவர், ஆனால் கூடைக்கு அடியில் நிற்காமல் வளைவுக்கு வெளியே போய் மூன்று புள்ளி எறிபவர். சம்பளம் 50 லட்சம் டாலர், ஒப்பந்தம் அந்த ஜூனோடு முடிகிறது. முந்தின நாள்தான் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து க்ளிப்பர்ஸுக்கு வந்திருந்தார். டோபையஸ் ஹாரிஸை க்ளிப்பர்ஸ் அங்கே அனுப்பிய பெரிய டிரேடில், லாண்ட்ரி ஷாமெட்டும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளும்தான் அவர்கள் உண்மையில் வாங்கியது. மஸ்காலா சம்பளக் கணக்கை ஈடுகட்டக் கூடவே வந்தவர். க்ளிப்பர்ஸ் ஜெர்சியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இதை மனதில் வையுங்கள்: தங்களுக்குத் தேவைப்படாத, ஒரு நாள் மட்டும் கையில் இருந்த ஆளைத்தான் க்ளிப்பர்ஸ் விற்றது.

சரி, லேக்கர்ஸின் மூன்று காரணங்களுக்கு வருவோம்.

முதல் காரணம், எறிதல். அந்த வருட லேக்கர்ஸ் மூன்று புள்ளி எறிதலில் லீகின் கடைசி வரிசையில் இருந்தது. 100 எறிந்தால் 33 விழும். லெப்ரான் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே பாயும்போது அவரைச் சுற்றி எறியத் தெரிந்தவர்கள் நிற்க வேண்டும், அப்போதுதான் தடுப்பாளர்கள் விலகி நிற்பார்கள், பாதை திறக்கும். மெகீ, டைசன் சாண்ட்லர், சூபாட்ஸ் மூவருமே கூடைக்கு அடியில் ஆடுபவர்கள். மூவரில் ஒருவருக்கும் வெளியிலிருந்து எறிதல் கிடையாது. எறியத் தெரிந்த ஒரு சென்டர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததில் தவறே இல்லை. முந்தின நாள் டெட்ராய்ட்டிலிருந்து ரெஜி புல்லக்கை வாங்கியதும் இதே காரணத்துக்குத்தான். அதை நான் இன்றும் நல்ல டிரேட் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது காரணம், காலி இடம். இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கினால் 15 பேர் பட்டியலில் ஓர் இடம் காலியாகிறது. பிப்ரவரியில் தோற்கும் அணிகள் தங்கள் மூத்த ஆட்டக்காரர்களை ஒப்பந்தத் தொகையைப் பேசி முடித்து விடுவிக்கும். அப்படி வருபவர்களை எடுக்க இடம் வேண்டும். கார்மெலோ ஆன்தனியின் பெயர் அப்போது மிகவும் அடிபட்டது. கடைசியில் அவர் வரவில்லை, வேறு பெரிய பெயரும் வரவில்லை. மார்ச் மாதம் ஆன்ட்ரே இங்க்ரம், ஸ்காட் மச்சாடோ போன்றவர்களைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்துச் சமாளித்தார்கள்.

மூன்றாவது காரணம், அடுத்த கோடைக்கான பணம். 2019 ஜூலையில் இன்னொரு பெரிய நட்சத்திரத்தை முழுச் சம்பளத்துக்கு எடுக்க இடம் வைத்துக்கொள்வது லேக்கர்ஸின் திட்டம். மஸ்காலாவின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது, ஆகவே அந்தத் திட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சூபாட்ஸின் ஒப்பந்தமும் அதே ஜூனோடுதான் முடிந்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

என்பிஏவில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு உண்டு. 2019–20-க்கு அது ஏறக்குறைய 10.9 கோடி டாலர். வெளியிலிருந்து ஒரு பெரிய நட்சத்திரத்தை எடுக்க வேண்டுமானால் வரம்புக்குள் அவ்வளவு இடம் இருக்க வேண்டும். ஆனால் தன்னுடைய சொந்த ஆட்டக்காரரை மறுபடி ஒப்பந்தம் செய்வதற்கு அந்த வரம்பு தடையில்லை. நடுவில் விடுவிக்கப்படாமலும், ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகாமலும் மூன்று வருடம் ஆடியவரை வரம்பைத் தாண்டியும் எடுத்துக்கொள்ளலாம். முன்னாள் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதை பேர்ட் உரிமை என்பார்கள். டிரேட் ஆனால் இந்த உரிமையும் ஆட்டக்காரரோடு புது அணிக்குப் போய்விடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பந்தம் முடிந்தவரின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் வரை, அவர் பெயரில் ஒரு தொகையை அணியின் கணக்கில் பிடித்துவைப்பார்கள். கேப் ஹோல்ட் என்று பெயர். அந்தத் தொகை அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது. சம்பளம் அதிகம் என்றால் பிடித்தமும் அதிகம், குறைவு என்றால் குறைவு.

இப்போது இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஸ்காலாவின் சம்பளம் 50 லட்சம். அவருக்கான விதிப்படி பிடித்தம் அதில் 190 சதவீதம், அதாவது 95 லட்சம் டாலர். பெரிய நட்சத்திரத்துக்கு இடம் தேடும் அணி அவ்வளவு தொகையை அடைத்து வைக்க முடியாது, ஜூலை முதல் நாளே அவர் உரிமையை விட்டுவிட வேண்டியதுதான். சூபாட்ஸ் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருந்தவர். அவருக்கான பிடித்தம் ஏறக்குறைய 19 லட்சம். இன்னொன்றும் உண்டு: பட்டியலில் 12 பேருக்குக் குறைவாக இருந்தால், காலியாக இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் சுமார் 9 லட்சத்தை லீக் தானாகவே கணக்கில் சேர்த்துவிடும். அப்படிப் பார்த்தால் சூபாட்ஸின் பெயரை வைத்துக்கொள்வதால் லேக்கர்ஸுக்கு உண்மையில் குறையும் இடம் 10 லட்சம் டாலர்தான். 10.9 கோடியில் 10 லட்சம்!

அதாவது லேக்கர்ஸ் இப்படிச் செய்திருக்கலாம். சூபாட்ஸின் 19 லட்சத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் யாரை வேண்டுமோ எடுக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி ஆளாக, வரம்பைத் தாண்டி சூபாட்ஸுக்கு என்ன சம்பளமோ கொடுத்து ஒப்பந்தம் போடலாம். நடுவில் வேறு அணி அவருக்கு ஆசை காட்டினாலும் பயமில்லை. அவர் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது வெளியார் என்ன விலை சொன்னாலும் அதே விலையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு.

ஆகவே லேக்கர்ஸ் கொடுத்தது 16 நிமிடம் ஆடும் ஒரு மாற்று சென்டரை மட்டும் அல்ல. ஒரு 21 வயது ஏழடிக்காரரை வரம்பு பாதிக்காமல் பல வருடம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. வாங்கியது, எப்படியும் ஜூலையில் கைவிட வேண்டிய ஓர் உரிமையையும் இரண்டு மாத ஆட்டத்தையும். பொதுப்படையாகக் கோபப்பட்டவர்களை விடுங்கள், கணக்குத் தெரிந்த லேக்கர்ஸ் ரசிகர்கள் அன்று கொதித்தது இதனால்தான். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

அப்புறம், பலர் கவனிக்காத இன்னொரு கணக்கு. வரம்புக்கு மேலே இருக்கும் அணி ஓர் ஆளை வாங்க வேண்டுமானால், தான் அனுப்பும் சம்பளமும் வரும் சம்பளமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அப்போதைய விதிப்படி, சிறிய சம்பளங்களுக்கு, லக்ஸுரி வரி (மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லீகுக்குக் கட்டுவது) கட்டாத அணி தான் அனுப்புவதில் 175 சதவீதமும் கூடவே ஒரு லட்சம் டாலரும் வரை வாங்கலாம். லேக்கர்ஸ் வரிக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. பீஸ்லியின் சம்பளம் 35 லட்சம். கணக்குப் போட்டால் அவரை மட்டும் அனுப்பியே 62 லட்சம் வரை சம்பளமுள்ளவரை வாங்கலாம். மஸ்காலா 50 லட்சம். ஆக, சம்பளம் பொருந்துவதற்கு சூபாட்ஸ் தேவையே இல்லை. அவர் அந்த டிரேடில் போனது முழுக்க முழுக்க விலையாக.

அந்த விலைதான் எனக்குப் புரியவில்லை. கணக்கை ஈடுகட்ட வந்த, ஒப்பந்தம் முடியப்போகும், எட்டாவது ஒன்பதாவது ஆளாக ஆடக்கூடிய ஒருவருக்கு வழக்கமான விலை ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. புல்லக்குக்காக லேக்கர்ஸ் கொடுத்ததும் அப்படிப்பட்ட விலைதான்: ஒரு புதுமுகம், ஸ்வி மிகைலியுக், கூடவே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. காலி இடம்தான் வேண்டும் என்றால் யாராவது ஒருவரை விடுவித்திருக்கலாம், பணம் மட்டும்தான் நஷ்டம். க்ளிப்பர்ஸ் பீஸ்லியை ஓரிரு நாளில் அப்படித்தான் விடுவித்தது. டிரேட் நடந்த அன்றே மார்சின் கோர்டாட்டையும் விடுவித்தார்கள். அவர் அந்த சீசனில் அவர்களுக்கு சென்டராகத் தொடங்கியவர். வருகிற பையன் மேல் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று அதிலேயே தெரிந்தது.

"பின்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு இப்போது சொல்வது எளிது" என்று சிலர் சொல்வதுண்டு. பொதுவாக நான் ஏற்றுக்கொள்ளும் வாதம் அது. டிரேடை அன்று தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன எதிலும் பிப்ரவரி 7-க்குப் பிறகு நடந்த ஒன்றைக்கூட ஆதாரமாக எடுக்கவில்லை. சம்பளம், வயது, ஒப்பந்த முடிவு, பிடித்தத் தொகை, 175 சதவீத விதி எல்லாமே அன்று எல்லோர் கையிலும் இருந்த விவரங்கள்.

பின்னால் நடந்தது என்ன என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஸ்காலா லேக்கர்ஸுக்கு 17 ஆட்டம் ஆடினார், சராசரி 5.9 புள்ளி. லேக்கர்ஸ் 37–45 என்று முடித்து, பட்டத்துக்கான ப்ளே ஆஃப் சுற்றுகளுக்குப் போகவில்லை. இந்தச் சரிவுக்கு மஸ்காலாவைக் காரணம் காட்டுவது அநியாயம். லான்சோ பால் காயம், பிராண்டன் இங்க்ரமுக்கு ரத்தக் கட்டி, லெப்ரான் பழைய வேகத்துக்குத் திரும்பாதது என்று பெரிய காரணங்கள் இருந்தன. ஏப்ரல் 9 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முன், அணியின் தலைமைப் பொறுப்பிலிருந்து மேஜிக் ஜான்சன் விலகினார். க்ளிப்பர்ஸ் 48 வெற்றியோடு ப்ளே ஆஃப் போய் முதல் சுற்றில் வாரியர்ஸிடம் இரண்டு ஆட்டங்களை வென்றது. சூபாட்ஸ் அங்கே 26 ஆட்டங்களில் 25-ஐத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடி 9.4 புள்ளி, 7.7 ரீபவுண்ட் எடுத்தார்.

முதல் காரணத்துக்கு அடுத்த வருடமே ஒரு பதில் வந்தது. 2020-ல் லேக்கர்ஸ் பட்டம் வென்றபோது அவர்களுடைய சென்டர்கள் ஜாவேல் மெகீயும் டுவைட் ஹவர்டும். இருவருமே வெளியிலிருந்து எறியாதவர்கள். பக்கத்தில் ஆன்தனி டேவிஸ் இருந்ததால் அது எடுபட்டது என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் லெப்ரானோடு ஆட எறியத் தெரிந்த சென்டர்தான் வேண்டும் என்பதற்காக ஒரு 21 வயதுக்காரரைக் கொடுத்த அணி, அடுத்த சீசனில் அதே மாதிரி கூடையடிச் சென்டர்கள் இருவரை வைத்து ஜெயித்தது என்பதும் உண்மை.

நியாயத்துக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பட்டம் வந்துவிட்டது, ஆகவே சூபாட்ஸை இழந்ததால் லேக்கர்ஸ் அழிந்துபோகவில்லை. சில ரசிகர்கள் இதை அணியின் வரலாற்றிலேயே பெரிய தவறு என்கிறார்கள், அது மிகை. இது சின்னத் தவறுதான். தவிர்த்திருக்கக்கூடிய சின்னத் தவறு என்பதுதான் உறுத்துகிறது.

ரசிகர்களின் இன்னொரு கோபம், கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்பது. இரண்டு அணிகளும் அப்போது ஒரே ஸ்டேபிள்ஸ் சென்டரில் ஆடின. சூபாட்ஸ் ஊர் மாற வேண்டியதில்லை, அரங்கம்கூட மாற வேண்டியதில்லை, உடைமாற்றும் அறைதான் மாறியது. வருடத்தில் நான்கு முறை எதிரணியில் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனாலும் இந்த வாதத்தோடு நான் உடன்படவில்லை. நல்ல விலை கிடைத்தால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தவறு வாங்கியவர் யார் என்பதில் இல்லை, விற்ற விலையில் இருக்கிறது.

எல்லாச் சின்ன டிரேடிலும் ரசிகர்கள் சரி என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். எதிர் உதாரணம் ஒன்று. 2021 மார்ச்சில் வாரியர்ஸ், மார்க்கீஸ் கிறிஸ் என்ற சென்டரைப் பணமும் சேர்த்துக் கொடுத்து சான் ஆன்டோனியோவுக்கு அனுப்பியது. பதிலுக்கு வாங்கியது கேடி லலான் என்பவரின் டிராஃப்ட் உரிமை. 2015-ல் 55-வது ஆளாகத் தேர்வாகி, என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். காகிதத்தில் பார்த்தால் ஓர் ஆளையும் பணத்தையும் கொடுத்து ஒன்றுமில்லாததை வாங்கியது போல இருக்கும். நிறைய ரசிகர்கள் அப்படித்தான் கேட்டார்கள், முந்தின வருடம் நன்றாக ஆடிய பையனை இப்படித் தள்ளிவிடுவதா என்று.

ஆனால் கிறிஸுக்கு அந்த சீசன் தொடக்கத்திலேயே கால் எலும்பு முறிந்திருந்தது, அந்த வருடம் ஆடப்போவதில்லை. வாரியர்ஸ் லக்ஸுரி வரிக் கோட்டுக்கு வெகு மேலே இருந்தது. அப்போதைய விதிப்படி வரி படிப்படியாக ஏறியது: கோட்டைத் தாண்டிய முதல் 50 லட்சத்துக்கு டாலருக்கு ஒன்றரை டாலர், அப்புறம் ஒன்றே முக்கால், இரண்டரை, மூன்றே கால் என்று. தொடர்ந்து வரி கட்டிவந்த அணி என்றால் ஒவ்வொரு படியிலும் இன்னும் ஒரு டாலர் கூடியது. அந்த நிலையில் பட்டியலில் இருக்கும் குறைந்தபட்சச் சம்பளக்காரர்கூட, தன் சம்பளத்தைப் போலப் பல மடங்கு செலவு வைப்பார். ஒரு டிரேட் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் லலானின் பெயர். வேறு எதற்கும் இல்லை. காலியான இடங்களில் ஒன்று மே மாதம் ஹுவான் டோஸ்கானோ ஆண்டர்சனுக்கு முழு ஒப்பந்தமாகக் கிடைத்தது. அந்த டிரேடில் நான் நிர்வாகத்தின் பக்கம்.

இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். வாரியர்ஸ் விட்டுக்கொடுத்த உரிமை எதுவும் அவர்களுக்குப் பயன்படப்போவதில்லை. லேக்கர்ஸ் விட்டுக்கொடுத்தது பயன்படக்கூடிய ஒன்று. ஆட்டக்காரர்களின் புள்ளி சராசரியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

உரிமை என்பது எப்போதும் பொன்னாக மாறிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியில், தன் பெரிய நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை டிரேடில் அனுப்பிய அதிர்ச்சி ஆறுவதற்குள், டல்லஸ் அணி குவெண்டின் க்ரைம்ஸை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து கேலப் மார்ட்டினை வாங்கியது. க்ரைம்ஸும் அந்தக் கோடையில் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் ஆகவேண்டியவர். போன இடத்தில் 28 ஆட்டங்களில் சராசரி 21.9 புள்ளி. டல்லஸ் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் கோடை வந்தபோது ஃபிலடெல்ஃபியாவும் அவரும் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் ஒரு வருட ஆஃபரைத்தான் எடுத்துக்கொண்டார். அதனால் டல்லஸ் செய்தது சரியாகிவிடாது. அந்த டிரேடும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே தக்கவைக்கப் பெரிய தொகை தேவைப்பட்டது, சூபாட்ஸுக்கு அது தேவைப்படவில்லை. அந்த அளவுக்கு லேக்கர்ஸின் விஷயம் தெளிவானது.

கடைசியாக, நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வி: நமக்குத் தெரியாத காரணம் இருந்திருக்காதா? பயிற்சியில் எப்படி இருந்தார், மருத்துவ அறிக்கை என்ன, உடைமாற்றும் அறையில் என்ன நடந்தது என்பதெல்லாம் வெளியே இருக்கும் நமக்குத் தெரியாதுதான். நான் ஒரு டிரேடைக் குறை சொல்வதற்கு முன் இதை எப்போதும் யோசிப்பேன். ஆனால் அப்படி ஏதாவது பெரிய குறை இருந்திருந்தால், வாங்கிய அணி சில நாளில் அவரைத் தொடக்க ஐவரில் நிறுத்தியிருக்காது. அந்தக் கோடையில் செய்ததையும் செய்திருக்காது.

அந்தக் கோடையில் நடந்தது இதுதான். ஜூன் மாதம் லேக்கர்ஸ், பால், இங்க்ரம், ஜாஷ் ஹார்ட், மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் எல்லாம் கொடுத்து டேவிஸை வாங்கியது. ஜூலையில் சுமார் 3.2 கோடி டாலர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனார்டின் பதிலுக்காகக் காத்திருந்தது. அதே லெனார்டுக்காக க்ளிப்பர்ஸும் காத்திருந்தது. அவர்கள் கணக்கில் சூபாட்ஸின் பெயருக்கு எதிரே 19 லட்சம் மட்டும் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. லெனார்ட் க்ளிப்பர்ஸைத் தேர்ந்தெடுத்தார், ஓக்லஹோமாவிலிருந்து பால் ஜார்ஜும் வந்தார். அத்தனை பேரும் உள்ளே வந்த பிறகு, பேர்ட் உரிமையைப் பயன்படுத்தி, சூபாட்ஸோடு நான்கு வருடத்துக்கு 2.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு 70 லட்சம். மஸ்காலா ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டார். லேக்கர்ஸ் மெகீயை மறுபடி எடுத்தது, டிமார்கஸ் கசின்ஸை எடுத்தது, ஆகஸ்டில் கசின்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்ததும் ஹவர்டைத் தேடிப் போனது. 2024–25-ல் சூபாட்ஸ் க்ளிப்பர்ஸுக்கு 16.8 புள்ளியும் 12.6 ரீபவுண்டும் சராசரியாக எடுத்து, லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் இரண்டாவது அணியில் இடம்பிடித்தார்.